சாரல் சீசனுக்கு நெல்லை வர காரா, ரயிலா?

ஜூன் பிறந்து தென்காசிப் பக்கம் சாரல் விழத் தொடங்கியதும், பாளையங்கோட்டையில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பது முதல் கேள்வி. காரிலேயே வந்துவிடலாமா, ரயிலில் டிக்கெட் போடலாமா என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்விக்குத் தென்காசியில் இருக்கும் உறவினர் யாரையாவது கேட்டுச் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு மறுகேள்வி கேட்காமல் பதில் சொல்ல முடியாது. எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர், குற்றாலம் மட்டுமா, திருச்செந்தூரும் உண்டா? இவ்வளவையும் கேட்டுவிட்டு, நான் தவறாமல் கேட்கும் இன்னொன்று: வண்டியை யார் ஓட்டப்போகிறார்?

கார் பயணத்துக்குக் கணக்குப் போடும்போது பெட்ரோலை எழுதுகிறார்கள், சுங்கச்சாவடியை எழுதுகிறார்கள், வழியில் சாப்பாட்டை எழுதுகிறார்கள். ஓட்டுகிறவரை யாரும் எழுதுவதில்லை. சென்னையிலிருந்து நெல்லைக்குச் சாலை வழியாக அறுநூற்றிருபது, முப்பது கிலோமீட்டர். நான்கு வழிச்சாலைதான், நல்ல சாலைதான். ஆனாலும் நடுவில் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தினால் பத்து, பதினொரு மணி நேரம் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் பெருங்களத்தூரில் தொடங்கிச் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பொறுமை போய்விடும்.

எங்கள் வீட்டுக்குக் காரில் வரும் சென்னை அத்தானைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலை வந்து இறங்குவார். காபியைக் கையில் வாங்கும்போதே கண் சொருகும். பிள்ளைகள் அருவிக்குப் போக வேண்டும் என்று நிற்பார்கள். ஒரு மணி நேரம் படுத்துவிட்டுத் தென்காசிக்கு மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். எல்லோரும் ஐந்தருவியில் நனைந்துகொண்டிருக்கும்போது, அவர் வாகனம் நிறுத்தும் இடத்தில் சீட்டைப் பின்னால் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். திரும்பும்போது குடும்பமே காருக்குள் தூங்கும், அவர் மட்டும் விழித்திருப்பார். அவருக்கு அது விடுமுறையா என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு அதில் ஒரு பெருமை இருக்கிறது.

அதிலும் இரவு ஓட்டம் எனக்குப் பிடிக்காத ஒன்று. திருச்சி தாண்டி, துவரங்குறிச்சி, மேலூர் என்று சாலை நேராக நீளும்போது மணி இரண்டு, மூன்று ஆகியிருக்கும். எதிர் வெளிச்சம் இல்லை, வளைவு இல்லை, பக்கத்துச் சீட்டில் பேச்சுத்துணைக்கு உட்கார்ந்தவரும் தூங்கியிருப்பார். மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். எல்லாமே நெடுஞ்சாலையில், எல்லாமே தூக்கக் கலக்கத்தில் நடந்தவை அல்ல. இருந்தாலும் பகல் முழுவதும் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவரிடம் இந்த எண்ணைச் சொல்லத்தான் தோன்றுகிறது.

பணக்கணக்கில் ரயில்தான் எப்போதும் மலிவு என்று சொல்ல மாட்டேன். நான்கு பேர் கொண்ட குடும்பத்தை வைத்தே பார்க்கலாம். கார் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் நூறு ரூபாயைத் தொட்டு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், போகவர ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு எட்டாயிரத்து சொச்சம். இங்கே சுற்ற இரண்டாயிரம். வழியில் பரனூரில் தொடங்கிக் கயத்தாறுக்குப் பக்கத்துச் சாலைப்புதூர் வரை பத்துக்கும் மேற்பட்ட சுங்கச்சாவடிகள். ஆனால் 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருடாந்திரப் பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது மூவாயிரம் ரூபாய்க்கு இருநூறு முறை, அல்லது ஒரு வருடம். முழுதும் பயன்படுத்துகிறவருக்குச் சாவடி ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய் வாக்கில்தான் விழுகிறது. அடிக்கடி ஊருக்கு வருகிறவர்களுக்கு இது கணக்கை மாற்றிவிட்டது என்பது உண்மை.

ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கை ஒருவருக்கு நானூறு ரூபாய்க்குச் சற்று முன்பின். நால்வர் போகவர மூவாயிரத்து சில்லறை. இதைக் கார் ஒருநாளும் தொட முடியாது. மூன்றாம் வகுப்பு ஏசி ஆயிரத்துச் சொச்சம் என்பதால் நால்வருக்கு எட்டாயிரத்தைத் தாண்டும். இங்கே வந்து இரண்டு நாள் வாடகைக் கார் எடுத்தால், கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா எல்லாம் சேர்ந்து சொந்தக் காரின் செலவைத் தாண்டிவிடும். வந்தே பாரத் என்றால் நான்கு பேருக்கு இன்னும் கூடும். ஆக, இரண்டு பேர் வந்தால் எந்த வகுப்பானாலும் ரயில். நான்கு பேர், ஏசிதான் வேண்டும் என்றால் ஏறக்குறைய சமம். ஐந்து, ஆறு பேர் பெரிய காரில் அடைத்துக்கொண்டு வந்தால் கார் மலிவு. அப்படி வருகிறவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்க வருகிறார்கள், வசதிக்காக அல்ல.

ஆகவே ரயிலுக்கு நான் வாதாடுவது காசுக்காக இல்லை. இரவுத் தூக்கத்துக்காக. சென்னை எழும்பூரில் எட்டரை, ஒன்பது மணி வாக்கில் புறப்படும் நெல்லை எக்ஸ்பிரஸ் காலை ஏழு மணி வாக்கில் உங்களைச் சந்திப்பில் இறக்கிவிடும். தென்சென்னைக்காரர்கள் எழும்பூருக்கு அலைய வேண்டாம், தாம்பரத்திலேயே ஏறலாம். கார்க்காரருக்கு ஒரு முழு இரவோ ஒரு முழுப் பகலோ போகிற இடத்தில், இவருக்குப் போனது தூங்கும் நேரம் மட்டும். நான்கு நாள் விடுமுறையில் இரண்டு பகலை மிச்சம் பிடித்தவர் யார் என்று பாருங்கள்.

வந்தே பாரத் பற்றியும் கேட்கிறார்கள். 2023 செப்டம்பர் 24 அன்று எட்டுப் பெட்டிகளோடு ஓடத் தொடங்கியது. கூட்டம் தாங்காமல் பிறகு பெட்டிகளைக் கூட்ட வேண்டியதாயிற்று. ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. இதைவிட வேகமாக ஒழுங்கான மனிதர் யாரும் கார் ஓட்ட முடியாது. ஆனால் சென்னையிலிருந்து பிற்பகலில் கிளம்பி இரவு பத்தரை மணிக்கு மேல் நெல்லை வந்து சேரும் வண்டி அது. ஒரு பகலும் போகிறது, இறங்கும்போது வேறு ஊர்களுக்குப் போக இணைப்பும் கிடைக்காது. குற்றாலம் போகிறவர் அன்று இரவு நெல்லையில் அறை எடுக்க வேண்டும். திரும்பும்போது அது நல்ல வண்டி: காலை ஆறு மணி அளவில் இங்கிருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரம் கழியும்போது எழும்பூர். போகும்போது நெல்லை எக்ஸ்பிரஸ், வரும்போது வந்தே பாரத் என்று மாற்றிப் போடுகிறவர்களைப் புத்திசாலிகள் என்பேன்.

குற்றாலம் ஒன்றுதான் நோக்கம் என்றால் நெல்லைக்கு வரவே வேண்டாம். எழும்பூரிலிருந்து செங்கோட்டை வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் விருதுநகரில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்கு வரும். விடிந்து கண் விழித்ததும் வலது பக்க ஜன்னலுக்குப் போய்விட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். சாரல் நாளாக இருந்தால் மலையின் தலை தெரியாது, மேகம் இடுப்பு வரை இறங்கியிருக்கும். தென்காசியில் இறங்கினால் குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவும் பஸ்ஸும் உண்டு.

குற்றாலத்தில் கார் இல்லாமல் எப்படி என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்தில் கார் வைத்திருப்பதுதான் சிரமம். பேரருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. ஐந்தருவியில் இடம் கிடைத்தாலும் கிளம்பும்போது முன்னால் நிற்கிற வேனின் டிரைவர் குளிக்கப் போயிருப்பார். பழைய குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்கு ஆட்டோவில் போகிறவர், கார்க்காரர் நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே குளித்து முடித்திருப்பார். காரில் ஒரே ஒரு வசதி உண்டு, அதை மறைக்கக் கூடாது: ஈரத்துணி. நான்கு பேரின் நனைந்த துணியைப் பையில் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நிற்பது சுகமான காரியம் அல்ல. டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டு மங்குஸ்தானும் ரம்புட்டானும் பேரம் பேசப் போவது சுகம்தான்.

வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் நான் யோசிக்காமல் ரயில் என்பேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும். நெடுஞ்சாலையில் அதற்கு இடம் தேடுவது, குறிப்பாகப் பெண்களுக்கு, இன்றைக்கும் பெரிய பாடு. ரயிலில் அது பெட்டியின் கோடியில் இருக்கிறது; சுத்தம் அன்றைய அதிர்ஷ்டம். அறுபது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கு ஒதுக்கீடு இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றது, இன்னும் திரும்பவில்லை. அந்த வருத்தம் எங்கள் வீட்டு ஆச்சிக்கு ஒவ்வொரு டிக்கெட்டின்போதும் வரும். பிள்ளைகளுக்கு ஐந்து வயது வரை டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. இது தெரியாமல் அரை டிக்கெட் போட்டுவிட்டு, இரவில் பையனை எங்கே படுக்கவைப்பது என்று முழிக்கிறவர்களை ஒவ்வொரு விடுமுறைக்கும் பார்க்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ரயிலின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும். டிக்கெட் கிடைக்காது. மற்ற எல்லா ஒப்பீடும் டிக்கெட் கையில் இருக்கிறவருக்குத்தான். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்தால், தென்மாவட்ட வண்டிகளில் எட்டு மணி சில நிமிடங்களுக்குள் காத்திருப்போர் பட்டியல் தொடங்கிவிடும். தட்கல் முந்தின நாள் ஏசிக்குப் பத்து மணிக்கும் மற்றதற்குப் பதினொரு மணிக்கும். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அதைக் கடைசி நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று இருந்தால் பதினொரு மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு மாதம் முன்னால் தேதியைச் சொல்ல முடியாத வேலையில் இருப்பவர்களிடம் போய் ரயிலின் பெருமையைப் பேசுவது அநியாயம். அவர்களுக்குக் காரோ பஸ்ஸோதான் வழி. காரானால் பகலில் வாருங்கள், இரண்டு பேராவது மாற்றி மாற்றி ஓட்டுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

நெல்லை வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பலருக்கு நெடுந்தூர ரயில்தான் தெரியும், இந்தச் சீமைக்குள்ளேயே ஓடும் சின்ன வண்டிகள் தெரியாது. சந்திப்பிலிருந்து மேற்கே செங்கோட்டைக்கு ஒரு கிளை, கிழக்கே திருச்செந்தூருக்கு ஒரு கிளை. இரண்டுமே பழைய பாதைகள். மேற்குக் கிளை 1902, 1903 வாக்கில் கல்லிடைக்குறிச்சி, செங்கோட்டை என்று நீண்டு, 1904-இல் மலையைக் குடைந்து கொல்லத்தைத் தொட்டது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஊர். 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கிழக்குக் கிளை 1923-இல் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்தது.

காலைச் செங்கோட்டைப் பாசஞ்சரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். டிக்கெட் இரண்டு டீ காசுக்குள் வரும். பேட்டை தாண்டியதும் ஊர் பின்வாங்கி வயல் முன்னால் வரும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு கூட்டம் இறங்கும், வேறொரு கூட்டம் ஏறும். கல்லூரிப் பிள்ளைகள் கதவோரத்தை விட மாட்டார்கள். பூக்கூடையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்த அம்மாள் பக்கத்தில் இருப்பவரிடம் நேற்று விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவார். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் வண்டி தாமிரபரணியைக் கடக்கும். பாலத்தின் மேல் சத்தம் மாறும். கீழே பாறைகளுக்கு நடுவே தண்ணீர், படித்துறையில் துணி துவைப்பவர்கள், எதிரே பொதிகை மலை. சாலையில் இதே ஆற்றைக் கடக்கிறவருக்கு முன்னால் போகும் லாரியின் பின்புறம்தான் தெரியும். அப்புறம் கீழக்கடையம். பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர் கடையம். புதுச்சேரியிலிருந்து வந்த பிறகு பாரதி இரண்டு ஆண்டு போல அங்கேதான் இருந்தார். பாவூர்சத்திரத்தில் காய்கறிச் சந்தைக்காரர்கள். அடுத்து தென்காசி.

இதையே நான்கு வழிச்சாலையில் காரில் போனால் நேரம் பாதிதான். உண்மை. ரயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நாளுக்குச் சில முறைதான் வண்டி. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டும். கையில் அரை நாள்தான் இருக்கிறது என்றால் பாசஞ்சர் வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

செங்கோட்டையோடு நின்றுவிடாமல் மலைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்குக் கார் ரயிலுக்கு ஈடே இல்லை. அகலப் பாதையாக்கும் வேலைக்காகப் பல ஆண்டு மூடிக்கிடந்த செங்கோட்டை-புனலூர் பாதை 2018-இல் முழுதாகத் திறந்தது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்தால் வெளியே வரும்போது ஆரியங்காவு. கழுத்துருட்டியில் பதின்மூன்று கண் பாலம். காரில் போகிறவர்கள் அந்தப் பாலத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், அதன் மேல் போக முடியாது. பகலில் கடக்கும் வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும். மதுரை-குருவாயூர் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் கடக்கிறது. இரவு வண்டியில் ஏறிவிட்டு மலையைப் பார்க்கவில்லையே என்று சொல்லிப் பயனில்லை.

திருச்செந்தூர் கிளையும் கோயிலுக்கு மட்டும் போகிறவர்களுக்குப் போதும். அறுபது கிலோமீட்டர்தான். கந்த சஷ்டி, வைகாசி விசாகம் போன்ற நாட்களில் கார்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்துக்கு ஸ்டேஷனிலிருந்து நடப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் நவதிருப்பதி பார்க்க வருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் நானே கார் எடுக்கச் சொல்வேன். தாமிரபரணியின் இரு கரையிலும் ஒன்பது கோயில்கள் சிதறிக் கிடக்கின்றன. ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் ஸ்டேஷன் இருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுக்குடியில் இருக்கிறது, ஊரும் பெருமாளும் அந்தப் பக்கம். பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை என்று கோயில்களின் நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம் பார்த்து ஓட வேண்டும். மதியம் நடை சாத்துவதற்குள் பாதியை முடிக்காவிட்டால் நாள் வீண். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெல்லையிலிருந்து அரசுப் பேருந்துக் கழகம் நவதிருப்பதிக்குச் சிறப்பு பஸ் விடுவதுண்டு. மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயத்துக்கும் அப்படியே. அந்த நாட்களில் வருகிறவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம், நேரக் கவலை டிரைவருடையது.

கூந்தன்குளமும் கார் கேட்கும் இடம். வெளிநாட்டுப் பறவைகள் வந்துபோகும், உள்நாட்டுப் பறவைகள் ஊருக்குள் மரங்களில் கூடு கட்டும் கிராமம். பிப்ரவரி, மார்ச்சில் விடியற்காலை அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் சரிப்படாது. மணப்பாடு கடற்கரை, உவரி, குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள், களக்காடு, திருக்குறுங்குடி எல்லாமே இந்த வகைதான். இவற்றில் இரண்டு மூன்றை ஒரே நாளில் சேர்க்க ஒரு கார் இருந்தால்தான் முடியும். அந்தக் கார் சென்னையிலிருந்து வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நெல்லையில் ஒரு நாளைக்கு எடுத்தால் போதும். உள்ளூர் டிரைவருக்கு எந்தக் கோயில் எத்தனை மணிக்குச் சாத்தும், எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, மதியம் எங்கே சாப்பிடலாம் என்பதெல்லாம் மனப்பாடம்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில் போகிறவர்கள் தனிக் கதை. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைத் தேடி எடுத்துவிடுவார்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஆடி அமாவாசை நாட்களில் தனியார் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிடும். அம்பாசமுத்திரம் வரை ரயில், பிறகு பஸ் என்பது அங்கே குறைந்த தலைவலி.

நெல்லை டவுனுக்குள் காரைக் கொண்டுபோக வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுவேன். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகள் தேருக்காகப் போடப்பட்டவை, காருக்காக அல்ல. மாலை ஐந்தரை வாக்கில் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை திறக்கும். அதற்கு முன்பே வரிசை நிற்கும், இரண்டு மணி நேரத்துக்குள் அல்வா தீர்ந்துவிடும். வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு வாசனைதான் மிச்சம்.

மழைக்காலத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. முன்னால் பாதையின் ஜல்லி அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள். சுற்றிலும் வெள்ளம். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேரும் வரை, புதுக்குடிக்காரர்கள்தான் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். ரயிலில் ஏறினால் உங்கள் கையில் எதுவும் இல்லை என்று கார்க்காரர்கள் இதைக் காட்டிச் சொல்வதுண்டு. அன்று சாலையும்தான் அறுந்தது. வண்டியை அந்த இரவு நிலைய மேலாளர் போக விடாமல் நிறுத்திவைத்தார். காரை நிறுத்திவைக்க அப்படி ஒருவர் இருக்க மாட்டார்.

காத்திருப்பதும் ரயிலின் ஒரு பகுதிதான் என்று பழகிக்கொள்ள வேண்டும். சில நேரம் இணைப்பு வண்டி வராமல் நாம் கிளம்ப முடியாது. 1911 ஜூன் 17 காலை மணியாச்சியில் நெல்லை கலெக்டர் ஆஷ் துரை உட்கார்ந்திருந்த பெட்டி, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தது. மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பியவர் அவர். செங்கோட்டை வாஞ்சிநாதன் அந்த இடைவெளியில்தான் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். இன்று ஸ்டேஷனுக்கே வாஞ்சியின் பெயர்: வாஞ்சி மணியாச்சி. தூத்துக்குடிக் கிளை பிரிவது இப்போதும் அங்கேதான்.

சென்னை அல்லாத ஊர்க்காரர்களுக்குக் கணக்கு வேறு. மதுரையிலிருந்து வருகிறவர் நூற்று அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறார், மூன்று மணி நேர ஓட்டம். அவர் எதில் வந்தாலும் சரி, ஒரு நாள் பயணம் என்றால் காரே வசதி. கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தினசரி ரயில் ஈரோடு, கரூர் என்று சுற்றி வருகிறது. சாலையோ தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக நேரே வரும். இரவுத் தூக்கம் முக்கியம் என்று நினைத்தால் மட்டும் ரயில். பெங்களூரிலிருந்து வருகிறவருக்குச் சென்னைக்காரருக்குச் சொன்ன அத்தனையும் பொருந்தும், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக.

சென்னைக் குடும்பத்துக்கு நான் போட்டுக்கொடுக்கும் திட்டம் பெரும்பாலும் இப்படி இருக்கும். வியாழன் இரவு பொதிகையில் தென்காசி. இரண்டு நாள் குற்றாலம், ஆட்டோவிலும் பஸ்ஸிலும். பிறகு பாசஞ்சரில் நெல்லை, பகல் வெளிச்சம் இருக்கும்போதே. மறுநாள் ஒரே ஒரு நாள் வாடகைக் கார், நவதிருப்பதியோ தேரியும் மணப்பாடுமோ, வருகிறவர்களின் வயதையும் பக்தியையும் பொறுத்து. கடைசி மாலை டவுனில் சாமி தரிசனம், அல்வா வரிசை. இரவு எட்டரை வாக்கில் நெல்லை எக்ஸ்பிரஸ். சென்னை அத்தானுக்குப் போன வருடம் இதைப் போட்டுக்கொடுத்தேன். பாதி வழி வரை ஒப்புக்கொண்டார். வாடகைக் காரை மட்டும் டிரைவரை உட்காரவைத்துத் தானே ஓட்டினார். பழக்கம் விடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. வரும் டிக்கெட்டை விடத் திரும்பும் டிக்கெட்டை முதலில் பாருங்கள். ஞாயிறு இரவு நெல்லையிலிருந்து சென்னைக்கு இடம் தேடுகிறவர்கள் சுற்றுலாக்காரர்கள் மட்டும் அல்லர். வார விடுமுறைக்கு ஊருக்கு வந்து திங்கள் காலை வேலைக்குத் திரும்பும் தென்மாவட்டக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு இரவையே குறிவைக்கிறார்கள். திங்களோ செவ்வாயோ இரவில் திரும்ப முடியுமானால், அதே வண்டியில் கீழ்ப் படுக்கையே கிடைக்கும் நாட்கள் உண்டு.